தொய்வு நோயும் பிள்ளைகளும்



மார்கழி மாதத்து வாடைக்காற்று வீசத் தொடங்கியபின், வீடு முழுவதும் உறங்கும் பின்னிரவு வேளையில், ஒரு பிள்ளை மாத்திரம் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கும். இரு கைகளையும் முன்னே ஊன்றித் தோள்களை உயர்த்தி மூச்சை வெளியே விடுவதற்குப் பாடுபடும். நெஞ்சினுள்ளே பூனைக்குட்டி கத்துவது போன்ற ஓசை கேட்கும். தாய் எழுந்து விளக்கைப் போட்டு முதுகைத் தடவுவாள். தந்தை, இந்நேரத்தில் வாகனத்துக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டு வாசலில் நிற்பார். இக்காட்சியைக் காணாத ஊர் நம் நாட்டில் இல்லை. யாழ்ப்பாணத்தார் இந்நோயைத் தொய்வு என்பர்; முட்டு என்பாரும் இழுப்பு என்பாரும் உளர். வைத்தியர்கள் ஆஸ்துமா என்று வழங்கும் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. மூச்சிரைத்தல் என்பதே அதன் பொருள்.

அந்தப் பிள்ளையை ஐந்தாந் தரத்திற் படிக்கும் ஒரு சிறுமி என்று வைத்துக்கொள்வோம். வைத்தியசாலையில் முகமூடி வைத்து மருந்துப் புகை பிடித்து, விடிந்தபின் வீடு திரும்புகின்றாள். இரண்டு நாட் கழிய, முற்றத்தில் ஓடி விளையாடுகின்றாள். வீட்டார் வருத்தம் போய்விட்டது என்று மனநிம்மதி அடைகின்றனர். வைத்தியர் தொடர்ந்து பாவிக்கும்படி கொடுத்த மருந்து அலுமாரித் தட்டிலே தூசி படியத் தொடங்குகின்றது. அடுத்த இழுப்புக்கு வழி திறப்பது அந்த நாட்களிலேதான்.

இது விளங்கவேண்டுமானால் நெஞ்சினுள்ளே நிகழ்வது யாது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். மூச்சுக்குழல் நெஞ்சினுட் சென்று, தலைகீழாக நட்ட மரம்போலக் கிளை கிளையாகப் பிரிகின்றது. கடைசிக் கிளைகள் நூல் போன்று மெல்லியவை. தொய்வுள்ள பிள்ளையிடத்தே இக்குழல்களின் உட்புறம் சிவந்து தடித்து எதற்கும் கூசும் நிலையில் இருக்கும். இதற்கு அழற்சி என்று பெயர். தடிமன், புகை, தூசி, குளிர்காற்று ஆகியவற்றுள் ஒன்று பட்டவுடன் குழலைச் சுற்றியுள்ள தசை முறுக்கிக்கொள்ளும். உட்சுவர் மேலும் வீங்கும். ஒட்டுந்தன்மையுள்ள சளி ஊறும். உள்ளே இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் குழல்களும் ஓரளவு விரிந்து கொடுக்கின்றன. வெளியே விடும்போது அவை மேலும் ஒடுங்குகின்றன. ஆதலினாலேதான் பிள்ளை மூச்சை வெளியே விடுவதற்கு அத்துணை வருந்துகின்றது.

தசையின் முறுக்கு விரைவில் வரும். மருந்து பட்டதும் விரைவில் நெகிழும். உட்சுவரின் அழற்சியோ அவ்வாறு விரைவில் அடங்குவதன்று. இழுப்பு நின்று, ஓசை ஓய்ந்து, பிள்ளை சிரித்து விளையாடும் நாளிலும் அது நீறுபூத்த நெருப்பாக உள்ளே கிடக்கும்.

முற்காலத்து வைத்தியர்களுக்குத் தசையின் முறுக்கே கண்ணிற் பட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி ஹைட் சால்ட்டர் என்னும் வைத்தியர் சிறுவயது முதல் தாமே தொய்வினால் வருந்தியவர். அவர் 1860ஆம் ஆண்டிலே இந்நோய்பற்றி எழுதிய நூலிற் கடுங்கோப்பியைச் சிறந்த மருந்துகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டார். கோப்பியிலுள்ள சத்து, பிற்காலத்தில் வைத்தியர்கள் வழங்கிய தியோபிலின் என்னும் மருந்துக்கு உறவுடையது. எனவே அவர் கூற்று வெறுங்கதையன்று. ஊமத்தையைப் புகைக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் இருந்தது. 1802இல் சென்னையிலிருந்து சென்ற ஒரு படைத்தளபதி அதனை இங்கிலாந்துக்கு அறிமுகஞ் செய்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக மேல்நாட்டு மருந்துக்கடைகளில் ஊமத்தைச் சுருட்டு விற்கப்பட்டது. ஊமத்தை நஞ்சு என்பதையும், அதனை இன்று எந்தப் பிள்ளைக்கும் கொடுத்தலாகாது என்பதையும் இங்கே சொல்லி வைத்தல் நன்று.

இன்று பம்ப் என்று எல்லாரும் அழைக்கும் கருவி பிறந்தது ஒரு பிள்ளையின் கேள்வியினால். 1955ஆம் ஆண்டில், அமெரிக்க மருந்துக் கம்பனித் தலைவர் ஒருவரான ஜோர்ஜ் மேசன் என்பவரின் 13 வயது மகளுக்குத் தொய்வு இருந்தது. அக்காலத்தில் மருந்தைக் கண்ணாடிக் குமிழில் ஊற்றி, இறப்பர்ப் பந்தைக் கையால் அமுக்கி நுகரவேண்டும். கூந்தலுக்கு விசிறும் தைலத்தைக் குப்பியில் அடைப்பதுபோலத் தன் மருந்தையும் ஏன் அடைக்கக் கூடாது என்று அவள் தந்தையைக் கேட்டாள். அடுத்த ஆண்டிலேயே, ஒருமுறை அமுக்கினால் ஓர் அளவு மருந்து வெளிவரும் குப்பி விற்பனைக்கு வந்துவிட்டது.

அதன் பின்னர் நடந்தது பெற்றோர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய செய்தி. 1960களில் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளிலே தொய்வினால் இறக்கும் இளவயதினரின் தொகை திடீரென ஏறியது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 10 முதல் 14 வயது வரையான பிள்ளைகளிடையே அது 1959க்கும் 1966க்கும் இடையில் ஏறத்தாழ 8 மடங்காயிற்று. ஐசோபிரெனலின் என்னும் மருந்து கடுமையான அளவில் அடைக்கப்பட்ட குப்பிகள் அக்காலத்தில் வைத்தியரின் சீட்டில்லாமலே கடைகளிற் கிடைத்தன. அமுக்கியவுடன் மூச்சு இலகுவாகும். சிறிது நேரத்தில் மறுபடியும் முட்டும், மறுபடியும் அமுக்குவார்கள். உள்ளே அழற்சி வளர்ந்துகொண்டே போகும். மருந்தின் கடுமையே கொன்றதா, அதனை நம்பி வைத்தியரிடம் செல்லத் தாமதித்தமை கொன்றதா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டு, 1968இல் வைத்தியரின் சீட்டின்றி விற்பது தடுக்கப்பட்டபின் மரணங்கள் குறைந்தன. நியூசிலாந்து 1970களின் பிற்பகுதியிலே வேறொரு கடுமையான மருந்தினால் அதே துயரத்தை மீண்டும் அனுபவித்தது.

இன்று நம் வைத்தியசாலைகளில் வழங்கும் மருந்துகள் இரண்டினதும் வரலாறு அக்காலத்திலேதான் தொடங்குகின்றது. தசையை நெகிழ்த்தும் சல்பியூற்றமோல் 1969இல் வந்தது. பெரும்பாலும் நீல நிறக் குப்பியில் வருவது இதுவே. அழற்சியை அடக்கும் பெக்லோமெதசோன் 1972இல் உள்ளிழுக்கும் மருந்தாக வந்தது. டேவிட் ஜாக் என்பாரின் தலைமையில் இயங்கிய ஒரே ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து இரண்டும் பிறந்தன என்பது வியப்பு. முதலாவது மருந்து சில நிமிடங்களில் வேலை செய்யும். சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இரண்டாவதை உள்ளிழுத்தால் அந்நேரத்தில் ஒன்றும் தெரியாது. நாள்தோறும் காலையும் மாலையும் பாவித்துவரச் சில கிழமைகளிலே அழற்சி அடங்கும். தீயணைக்க ஓடுபவனை ஊர் அறியும். கூரையில் தீப்பொறி படாமற் காப்பவனை யார் அறிவார்! ஆதலால், வீட்டாரின் நம்பிக்கை முழுவதும் நீலக் குப்பியின் மீதே நிற்கின்றது. 12 வயதும் அதற்கு மேற்பட்ட வயதும் உடையோர்க்குத் தசையை நெகிழ்த்தும் மருந்தை மாத்திரம் கொடுத்துச் சிகிச்சை செய்தல் தகாது என்று, உலகத் தொய்வு நோய் வழிகாட்டி நூலை வெளியிடும் நிபுணர் குழு 2019இல் அறிவித்தது. சிறு பிள்ளைகளிலும் அடிக்கடி இழுப்பு வருமாயின் அழற்சியை அடக்கும் மருந்து வேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தடிமனோடு வரும் இழுப்பெல்லாம் தொய்வன்று. அவர்களுட் பலர் வளர வளர அதிலிருந்து நீங்கிவிடுகின்றனர். எது எதுவெனத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர், அயல்வீட்டாரல்லர்.

வைத்தியர் சொன்ன பிறகும் வீடுகளில் மருந்து நிறுத்தப்படுவது எதனால்? அச்சத்தினால். அச்சிறுமியின் அம்மம்மா, "உந்தப் பம்பைப் பழக்கினால் பிறகு விடேலாது, பிள்ளை" என்று மகளிடம் சொல்லுகின்றார். பேத்தியின்மேல் உள்ள பரிவே அவரை அவ்வாறு பேசச் செய்கின்றது. ஆயினும் அது தவறு. கண்ணாடி அணிபவர் கண்ணாடிக்கு அடிமையானவர் என்று யாரும் சொல்வதில்லை. மருந்தை நிறுத்தியதும் இழுப்பு மீள்வது, அடங்கியிருந்த நோய் தலைதூக்குவதேயன்றி மருந்தின் மயக்கமன்று. மூன்று மாதமளவில் நோய் நன்றாக அடங்கியிருக்குமாயின், வைத்தியரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

மற்றோர் அச்சம் ஸ்ரெரோயிட் என்ற பெயரினால் வருவது. பிள்ளை வளராமற் போய்விடும் என்கின்றனர். இதனை வெறும் புரளி என்று தள்ளுவதும் நேர்மையன்று. வட அமெரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை வளர்ந்து ஆளாகும்வரை தொடர்ந்து கவனித்து, 2012இல் அதன் முடிவை வெளியிட்டனர். சிறுவயதிற் சில ஆண்டுகள் இவ்வகை மருந்தை நாள்தோறும் உள்ளிழுத்தோர், உள்ளிழுக்காதோரைவிடச் சராசரி 1.2 சென்ரிமீற்றர் உயரம் குறைந்திருந்தனர். ஒரு விரலின் அகலம்கூட இல்லை. இரவு இரவாக மூச்சுக்குப் போராடி, உறக்கமும் உணவும் குறைந்து, பள்ளி நாட்களை இழக்கும் பிள்ளையின் நட்டத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்கவேண்டும். மருந்தை இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பச் செய்தால் வாயில் வெண்படலம் உண்டாவதும் தவிரும்.

பம்ப் வேண்டாம், பாணி மருந்து போதும் என்று கேட்கும் பெற்றோரும் உளர். பாணியும் மாத்திரையும் வயிற்றிற் சென்று இரத்தத்திற் கலந்து உடம்பு முழுவதும் ஓடிய பின்னரே நெஞ்சை அடைய வேண்டும். சல்பியூற்றமோல் மாத்திரை ஒன்றில் 2 மில்லிகிராம் உண்டு. பம்பை ஒருமுறை அமுக்கினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது இருபதில் ஒரு பங்கு. கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் கூடுதலாக வருவது எதனால் என்பதை இக்கணக்கே சொல்லும்.

இனி, மருந்து சரியான இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும். குப்பியிலிருந்து மருந்து மிக வேகமாகப் பாய்கின்றது. அமுக்குவதும் இழுப்பதும் ஒரே கணத்தில் நிகழவேண்டும். பிள்ளைகளுக்கு அது கைவராது. மருந்து தொண்டையிலே பட்டு வீணாகும். இதற்காகவே பம்புக்கும் வாய்க்கும் இடையில் ஒரு வெற்றுக் கலத்தைப் பொருத்துகின்றனர். ஸ்பேசர் என்று வைத்தியசாலைகளில் வழங்கும் இதனுள் மருந்து நின்று நிதானிக்கும். ஒருமுறை அமுக்கி, ஐந்தாறு முறை மெதுவாக மூச்செடுத்தபின் அடுத்த முறை அமுக்க வேண்டும். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு முகமூடியும் உண்டு. விலை கொடுத்து வாங்க முடியாதோர்க்குத் தென்னாபிரிக்காவிலிருந்து ஒரு வழி பிறந்தது. கேப் ரவுண் நகரத்துக் குழந்தை வைத்தியர்கள், 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியிற் பம்பின் வாய் இறுகப் பொருந்தும்படி துளையிட்டுப் பசையால் ஒட்டினர். அது விலைக்கு வாங்கும் கலத்தைப் போலவே பயன்பட்டது என்பதை 1999இல் ஆராய்ந்து காட்டினர். துளை தளர்வாக இருத்தலாகாது. செய்ததை வைத்தியரிடம் காட்டிய பின்னரே பாவித்தல் வேண்டும். எந்தக் கலமாயினும் சவர்க்கார நீரிற் கழுவித் துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுக. துடைத்தால் உண்டாகும் மின்னேற்றம் மருந்தைச் சுவரிலே ஒட்டிக்கொள்ளச் செய்யும்.

குப்பியில் மருந்து இருக்கிறதா என்று பலர் குலுக்கிப் பார்ப்பர். குலுக்குவதால் ஒன்றும் தெரியாது. மருந்து தீர்ந்த பின்னும் அதனைத் தள்ளும் வாயு மிஞ்சியிருக்கும். 200 முறைக்குரிய குப்பியிலிருந்து காலையில் இரண்டும் மாலையில் இரண்டும் எடுத்தால் 50 நாட்களில் முடியும். தொடங்கிய திகதியைக் குப்பியில் எழுதி வைத்தால் போதும்.

வீட்டுச் சுற்றாடலைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். வீட்டுத் தூசியில் நோயை எழுப்புவது, கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணி என்பதை 1964இல் ஒல்லாந்து தேசத்து லைடன் நகரத்தார் கண்டறிந்தனர். மெத்தையிலும் தலையணையிலும் வாழும் அது, மனிதர் உடம்பிலிருந்து உதிரும் தோற்பொடியைத் தின்று, ஈரக்காற்றிலே பெருகும். நம் தீவின் காற்று அதற்கு நன்கு ஒத்தது. பிள்ளையின் படுக்கைத் துணிகளைக் கிழமைதோறும் சுடுநீரிற் கழுவி வெயிலில் நன்றாகக் காயப்போடுதல், பழைய பஞ்சுத் தலையணையை மாற்றுதல் ஆகியவை அதிகச் செலவில்லாத காரியங்கள். புகை மற்றொரு பகை. குசினி விறகுப்புகை, இரவில் மூடிய அறையில் எரியும் நுளம்புத்திரி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, வேலியோரத்திற் கொளுத்தும் சருகு எல்லாம் பிள்ளையின் மூச்சிற் புகுகின்றன. நுளம்புத்திரிக்குப் பதிலாக வலையைக் கட்டலாம். தந்தையின் சிகரெட்டுக்கோ பதில் எதுவும் இல்லை. அதனை விடுவதே வழி.

உணவு விடயத்தில் நம்மவர் செய்வது பெரும்பாலும் வேண்டாத தண்டனை. வாழைப்பழம் குளிர், தயிர் குளிர், இளநீர் குளிர் என்று ஒவ்வொன்றாக விலக்கி, ஏற்கெனவே மெலிந்த பிள்ளையை மேலும் மெலிய வைக்கின்றனர். ஒரு குறித்த உணவு உண்ட போதெல்லாம் இழுப்பு வருவது தெளிவாகத் தெரிந்தால் மாத்திரம் அதனை நிறுத்தலாம். ஆடாதோடையும் தூதுவளையும் நம் முன்னோர் கண்ட நல்ல மூலிகைகள். ஆடாதோடையின் சத்தைப் பின்பற்றியே சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து செய்யப்பட்டது. ஆயினும், கசாயம் குடிக்கின்றாள் என்பதற்காக அழற்சியை அடக்கும் மருந்தை நிறுத்திவிடுவது ஆபத்து.

பிள்ளை நாளின் ஒரு பாதியைக் கழிப்பது பாடசாலையில். அங்கே தொய்வு மறைத்து வைக்கப்படும் நோயாக இருக்கின்றது. பெண்பிள்ளையாயின் மறைப்பு இன்னும் அதிகம். நாளைக்கு ஒரு கலியாணப் பேச்சு வரும்போது இது தெரிந்துவிடுமே என்று பத்து வயதிலேயே தாய் அஞ்சுகின்றாள். பம்பைப் புத்தகப்பைக்குள் வைத்தால் தோழிகள் கண்டுவிடுவார்கள் என்று வீட்டிலேயே விட்டு அனுப்புகின்றாள். வகுப்பாசிரியருக்கு ஒன்றும் தெரியாது. காலையில் வகுப்பறை கூட்டும் முறை வந்ததும், அச்சிறுமியின் கையிலும் தும்புத்தடி கொடுக்கப்படுகின்றது. கூட்டித் துடைத்து முடியுமுன் இருமல் தொடங்குகின்றது. பாடம் நடக்கும்போது இருமினால், அடக்கு என்று அதட்டப்படுகின்றாள். அதட்டியவர் கொடியவரல்லர், அறியாதவர். பூந்தொட்டிக்கு நீர் ஊற்றும் வேலையைக் கொடுத்திருந்தால் ஒருவருக்கும் குறைவில்லை.

சில பாடசாலைகளில் வேறொரு வகைப் பாதுகாப்பு நடைபெறுகின்றது. பிள்ளை கொண்டுவரும் பம்பை வாங்கி அலுவலக அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவர். திறப்பு வைத்திருப்பவர் அன்றைக்கு வலயக் கல்விப் பணிமனைக்குப் போயிருப்பார். முட்டு வந்த பிள்ளைக்கு ஐந்து நிமிடமும் நீண்டது. விளங்கிப் பாவிக்கக்கூடிய வயதினராயின் பம்ப் அவர்களிடமே இருக்கவேண்டும். சிறுவராயின் பூட்டில்லாத இடத்திலே, எல்லா ஆசிரியரும் அறிய இருக்கவேண்டும்.

இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம் வந்துவிட்டால் தவறு இரு பக்கமும் நிகழ்கின்றது. நோய் அறியாத ஆசிரியர், பின்தங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று மேலும் ஓடச் செய்வார். நோய் அறிந்தவரோ, நீ ஓடவே வேண்டாம், நிழலில் இரு என்று ஒதுக்கிவிடுவார். இரண்டாவது அன்பினாற் செய்யப்படுவதாயினும் பிள்ளையின் மனத்தில் நெடுநாள் தங்கும். இங்கிலாந்தின் போலா ராட்கிளிஃப் சிறுவயது முதல் தொய்வுள்ளவர். அவர் 2003இல் இலண்டன் மரதன் ஓட்டத்தை 2 மணி 15 நிமிடம் 25 செக்கனில் ஓடினார். பெண்களுக்கான அவ்வுலகச் சாதனை 2019 வரை நிலைத்திருந்தது. நோய் அடங்கியிருக்கும் பிள்ளை விளையாடலாம், விளையாட வேண்டும். தொடங்குமுன் உடம்பைச் சிறிது சிறிதாகச் சூடேற்றிக்கொள்ளட்டும். வைத்தியர் சொல்லியிருந்தால் நீலக் குப்பியை முன்கூட்டியே பாவிக்கட்டும். ஆனால், தடிமன் பிடித்துள்ள நாளிலும் முதல்நாள் இரவு இருமிய நாளிலும் அவர்களை மரதன் ஓட்டத்தில் ஓடவிடல் ஆகாது.

நோய் அடங்கியிருக்கிறதா என்று அறிவது எங்ஙனம்? கடந்த நான்கு கிழமைகளைப் பெற்றோர் நினைத்துப் பார்க்கட்டும். இருமலினால் இரவில் ஒரு முறையேனும் விழித்தாளா? பகலில் இழுப்போ இருமலோ கிழமைக்கு இரு முறைக்கு மேல் வந்ததா? நீலக் குப்பி கிழமைக்கு இரு முறைக்கு மேல் தேவைப்பட்டதா? விளையாட்டை இடையில் நிறுத்தினாளா? ஒன்றுக்கேனும் ஆம் என்றால் கிளினிக் திகதிவரை காத்திராமல் வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

இவ்வளவும் செய்தும் ஓரிரவு இழுப்பு வரலாம். அப்போது பிள்ளையைப் படுக்க வைத்தலாகாது. நிமிர்ந்து இருக்கச் செய்தல் வேண்டும். அவுஸ்திரேலியாவில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் கற்பிக்கும் முறை நினைவில் நிற்க எளிது. நீலக் குப்பியைக் கலத்தினூடாக ஒவ்வொன்றாக 4 முறை கொடுத்து, ஒவ்வொரு முறைக்கும் 4 மூச்சு எடுக்கச் செய்து, 4 நிமிடம் பார்த்திருப்பர். தேறாவிடின் மீண்டும் 4 முறை. அதற்கும் தேறாவிட்டால் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். ஒரு வசனத்தைச் சேர்த்துப் பேச முடியாமல் திணறுதல், விலாவெலும்புகளின் இடையிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்வாங்குதல், உதடு நீலம் பாரித்தல், பிள்ளை சோர்ந்து உறங்குவதுபோல ஆதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டால் நான்கு நிமிடமும் பார்த்திருத்தல் தகாது. நெஞ்சின் ஓசை திடீரென அடங்குவதும் தேறுதலின் அறிகுறி என்று மயங்கற்க. காற்றே போகாதபோது ஓசையும் எழாது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். வண்டி வரும்வரை மருந்தை அதே முறையிற் கொடுத்துக்கொண்டே இருக்கலாம்.

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய இரண்டொரு நாளில், பிள்ளை ஓடி விளையாடத் தொடங்கியிருந்தாலும், மீண்டும் வைத்தியரிடம் அழைத்துச் செல்க. போகும்போது குப்பிகள் இரண்டையும் கலத்தையும் கையோடு கொண்டுபோய், பிள்ளை தானாக மருந்து இழுப்பதை அவர் முன்னிலையிற் செய்துகாட்டச் சொல்க. அம்மம்மாவும் உடன் செல்வாராயின் மிகவும் நன்று.